ஆல்டன் என்ன இரை போட்டார்?

அடுத்த வீட்டுச் சங்கதியில் மூக்கை நுழைக்கிறவள் என்று எனக்கு எங்கள் குரோவெல் துறை என்ற கடலோர ஊரில் ஒரு பெயர் உண்டு. பொய்யில்லை. கடலும் பனிமூட்டமும் மீன் தொழிற்சாலையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில், புருஷனையும் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் வேறு எதில் மூக்கை நுழைப்பாள்? அதிலும் ஆர்லீன் வீடு என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. அவள் புருஷன் ராய்ஸும், அவள் தம்பி மெர்ரிலும் ஒரே வழக்கில் ஒரே நாளில் ஜெயிலுக்குப் போனது இந்த மாகாணத்துக்கே தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

வழக்கு இதுதான். பிப்ரவரி மாதம், ஒரு பிற்பகலில், நெடுஞ்சாலைச் சந்தியில் இருக்கும் பெட்ரோல் கடைக்குள் இரண்டு பேர் நுழைந்தார்கள். முகமூடி, ஆரஞ்சு நிற மழைக்கோட்டு, ஒருவன் கையில் வாத்து சுடும் துப்பாக்கி. கல்லாவைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். உயரமானவனின் நடை ராய்ஸ் நடை மாதிரி இருந்தது என்று கல்லாவில் இருந்த பெண் சொன்னாள். ராய்ஸின் கொட்டகையில் ஒரு துப்பாக்கி கிடைத்தது. அட, எங்கள் துறையில் எவன் கொட்டகையில்தான் துப்பாக்கி கிடைக்காது? மழைக்கோட்டும் அப்படியே, கடலுக்குப் போகிற அத்தனை பேரும் போடுவது அந்த ஆரஞ்சுதான். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் இந்த இரண்டு மடையன்களும் போலீஸிடம், "அன்னைக்கு மத்தியானம் வீட்ல தூங்கிக்கிட்டிருந்தோம்" என்றார்கள். படகுத்துறைக் காவல்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, அன்று மத்தியானம் அவர்கள் படகு துறையிலேயே இல்லை என்றார். பொய் சொன்னவன் திருடியும் இருப்பான் என்று ஜூரி முடிவு கட்டிவிட்டது. ராய்ஸுக்கு ஏழு வருஷம், மெர்ரிலுக்கு ஐந்து.

ஊர் அவர்களைப் பெரிதாக வெறுக்கவில்லை. அந்தக் கடை யாரோ வெளியூர்க் கம்பெனிக்காரனுடையது. ஆர்லீன் வீட்டு வாசற்படியில் யாராவது ஒரு ஹாடாக் மீனையோ, ஒரு பை உருளைக்கிழங்கையோ வைத்துவிட்டுப் போவார்கள். விறகுகூட வெட்டிப் போட்டார்கள்.

நானும் ஆர்லீனும் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து இடம். வேகவைத்த சிங்கி இறாலின் கொடுக்கை உடைத்து, சதை பிய்யாமல் உருவி எடுக்கிற வேலை. கை முழுக்க உப்பு வெட்டு, காலுக்குக் கீழே எப்போதும் ஈரம். ஒரு திங்கட்கிழமை ஆர்லீன் உருவிய சதையெல்லாம் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. மேற்பார்வைக்காரி இரண்டு தரம் முறைத்துவிட்டுப் போனாள்.

"என்னடி ஆச்சு? நேத்து ஜெயிலுக்குப் போனியே, ராய்ஸுக்கு உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல தெல்மாக்கா. வாய்தான். இவ்வளவு நாளா ஒண்ணு மறைச்சு வச்சிருந்திருக்காங்க, ரெண்டு பேரும்."

"கொள்ளையடிச்சது அவங்கதானா?"

"அய்யோ, மெதுவாப் பேசுங்க! இல்ல. அன்னைக்குக் கடல்லதான் இருந்திருக்காங்க."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன கேடு?"

ஆர்லீன் சுற்றுமுற்றும் பார்த்தாள். நீராவிச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்காது. இருந்தும் என் காதுக்குள் வாயை வைத்துக்கொண்டு சொன்னாள். "அடுத்தவங்க கூண்டத் தூக்கிக்கிட்டு இருந்திருக்காங்க."

என் கையிலிருந்த கொடுக்கு நழுவி விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் மனுஷன் குடிக்கலாம், அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடலாம், வரி கட்டாமல் இருக்கலாம். சிங்கி இறால் பிடிக்கக் கடலுக்கடியில் போட்டிருக்கும் அடுத்தவன் கூண்டை மட்டும் தொடக் கூடாது. தொட்டவனுக்கு இரை விற்க மாட்டார்கள், அவன் படகுக் கயிற்றைப் பிடித்துக் கட்ட ஒரு கை நீளாது.

"யாரு கூண்டு?"

"எங்கப்பாவோடது."

"ஆல்டனோடதா! பெத்த அப்பன் கூண்டயா?"

"திருட இல்லக்கா! இரையப் பாக்க."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆல்டனின் இரை என்னவென்று தெரிந்துகொள்ள ஆசைப்படாதவன் இந்தக் கரையில் கிடையாது. மற்றவர்கள் கூண்டு பாதி காலியாக வரும் வாரத்தில்கூட அவர் படகு பாரத்தில் தாழ்ந்துதான் வரும். எல்லோரும் போடுவது அதே உப்பிட்ட கானாங்கெளுத்தி மீன்தான். அவர் மட்டும் கூண்டுக்குள் தொங்கும் இரைப் பையைத் தன் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு தனியாகக் கட்டுவார். மகனையும் மருமகனையும் தன் படகில் ஏற்ற மாட்டார். தீபகற்பம் முழுக்க இதே பேச்சு. போதாக்குறைக்கு, மனைவியை இழந்த அவர் யார்மத் பட்டணத்தில் ஒரு கடையில் பெண்கள் போடும் நைலான் காலுறைகளைக் கட்டுக் கட்டாக வாங்கியதை எங்கள் பாதிரியாரின் மனைவியே பார்த்திருக்கிறாள். யார்மத்தில் ஒருத்தியை வைத்திருக்கிறார் என்று ஊரே சொன்னது. எனக்கும் அந்த மனுஷன் மேல் ஒரு கண் இருந்ததால், அந்த யார்மத்காரியை நான் பார்க்காமலே வெறுத்தேன்.

"அப்பா அவங்களப் பாத்திருக்காரு அக்கா," என்றாள் ஆர்லீன். "மறுநாள் இவங்க மிதவையில ரெண்டு சுத்து முடிச்சு கெடந்துச்சாம்."

அது போதும், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூண்டு கிடக்கும் இடத்தைக் காட்ட ஒவ்வொருவனும் தன் நிறத்தில் ஒரு மிதவையைக் கட்டி விட்டிருப்பான். அத்துமீறினவனின் மிதவைக் கம்பில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால், பார்த்துவிட்டேன், இதோடு நிறுத்திக்கொள் என்று அர்த்தம். முடிச்சு விழுந்த பிறகு அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. போட்டவனும் பேசமாட்டான், வாங்கினவனும் பேசமாட்டான். விஷயம் அங்கேயே முடிந்தது. அப்பா சொல்லட்டும் என்று இவர்கள் ஜெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சொல்லட்டும் என்று அவர் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

"வக்கீலம்மா என்ன சொல்றா?"

"அப்பீல்ல திரும்ப முதல்லேர்ந்து விசாரிக்க மாட்டாங்களாம். ஆனா புதுச் சாட்சி வந்தா கேப்பாங்களாம். இவங்க சொன்னா மட்டும் போதாது, ஏற்கெனவே ஒரு தடவ பொய் சொன்னவங்க. பாத்தவரு வந்து சொல்லணும்." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கொண்டு வந்துரணும் தெல்மாக்கா. அதுக்கப்புறம் ஊரு எங்க மூஞ்சில துப்பினாலும் பரவால்ல."

அன்று வேலை முடிந்ததும் உடையைக்கூட மாற்றாமல் என் வண்டியில் இருவரும் ஆல்டன் கொட்டகைக்குப் போனோம். காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது, முகமெல்லாம் எரிந்தது. உள்ளே அவர் மிதவைகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். மேலே வெள்ளை, கீழே பச்சை, அவர் குடும்பத்து நிறம். எங்களைப் பார்த்ததும் ஒரு மூலையில் கிடந்த பெட்டியின் மேல் சாக்கை இழுத்து மூடினார். நான் அதைக் கவனிக்காமல் இருப்பேனா?

"அப்பா, அன்னைக்கு மெர்ரிலும் ராய்ஸும் உங்க கூண்டத் தூக்குறதப் பாத்தீங்களா?"

அவர் தூரிகையை நிறுத்தவில்லை. "யாரு சொன்னது?"

"அவங்கதான் சொன்னாங்க."

"முடிச்சு வாங்கினவன் வாயத் தொறக்கறதா? நல்ல ஆம்பளைங்க."

"ஜெயில்ல கெடக்குறாங்கப்பா!"

"அதுக்கு நான் என்ன பண்ண? தூங்கினோம்னு அவன்தான சொன்னான். நானா சொல்லச் சொன்னேன்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் ஆல்டன், நீங்க கோர்ட்ல பின்பெஞ்சுல தினமும் வந்து உக்காந்திருந்தீங்களே! பெத்த புள்ளைக்கு அஞ்சு வருஷம்னு ஜட்ஜு சொல்றப்ப உங்க நாக்கு எங்க போச்சு?"

"நீ யாரு நடுவுல? மீன் நாத்தத்தோட வந்துட்டா நியாயம் பேச."

"உங்க மேல மட்டும் ரோஜாப்பூ வாசனையா அடிக்குது?"

அவர் தூரிகையை வண்ண டப்பாவில் போட்டார். நெற்றியில் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது. "நிரபராதிய சட்டம் விட்டுரும்னு நெனச்சேன்," என்றார். "தினமும் அதுக்குத்தான் போனேன். இன்னைக்கு விட்டுருவான், நாளைக்கு விட்டுருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"விடலயேப்பா," என்றாள் ஆர்லீன்.

காற்றில் தகரக் கூரை தடதடவென்று ஆடியது. அவர் நெற்றியிலிருந்த வண்ணத்தைப் புறங்கையால் துடைத்தார்.

"பாத்தேன்னு கையெழுத்துப் போடுறேன். ஆனா இரையப் பத்தி எவனாவது கேட்டான்னா சாட்சிக் கூண்டுலேர்ந்து எறங்கி வந்துருவேன். சொல்லிப்புட்டேன்."

ஆர்லீன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அவளைப் போல் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளைக்காகப் பேசுகிற பேரமா இது என்று ஆத்திரம்தான் வந்தது.

வக்கீல் மிஸ் தெரியோ, பிரெஞ்சுக்காரர்கள் ஊரைச் சேர்ந்த சின்னப் பெண், அப்பீல் மனுவைப் போட்டாள். மூடி வைக்கக்கூடிய விஷயமா அது? கூண்டு தூக்கிய கதை ஊருக்குள் பரவியது. வாசற்படியில் மீன் வருவது நின்றது. முன்பு விறகு வெட்டிப் போட்டவன் இப்போது ஆர்லீனைப் பார்த்தால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான். தொழிற்சாலையில் ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி, "துப்பாக்கிய காட்டித் திருடியிருந்தாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும்" என்றாள். ஆர்லீன் தலையைத் தூக்காமல் கொடுக்கை உடைத்துக்கொண்டே இருந்தாள். நான் சும்மா விடுவேனா? "உன் புருஷன் தூக்காத கூண்டு எதுன்னு சொல்லு, நான் எண்ணி முடிச்சுர்றேன்" என்றேன். அதோடு வாய் மூடினாள்.

வெறுத்தார்களே தவிர, விசாரணை நாளன்று மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸுக்கு ஊரே கிளம்பிவிட்டது. முதல் வழக்கின்போது வீட்டு ஆட்கள், பாதிரியார், என்னைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லை; இப்போது தேவாலயத்துப் பேருந்தையே எடுத்துக்கொண்டு வந்தார்கள். எதற்கு? அரசு வக்கீல் கட்டாயம் இரையைப் பற்றிக் கேட்பான் என்று எவனோ சொல்லியிருக்கிறான். ஈஸ்டருக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ரொட்டியும் தேநீரும் கட்டிக்கொண்டு அறை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நீதிபதிகளும் உள்ளே வந்ததும் இத்தனை கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். அப்பீல் கேட்க இப்படி யாரும் வருவதில்லை போலிருக்கிறது.

ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழக் கூடாது என்று சாட்சிகளைத் தனித்தனியாக வைத்திருந்தார்கள். முதலில் மெர்ரில். ஜெயில் சாப்பாட்டில் ஊதிப் போயிருந்தான். அரசு வக்கீல் ஒல்லியான, பொறுமையான ஆள்.

"அப்பா கூண்டைத் தூக்கினோம்னு இப்ப சொல்றீங்க. அத எப்படி நம்புறது? அந்தக் கூண்டுல அன்னைக்கு என்ன இரை இருந்துச்சு?"

எங்கள் வரிசையில் ரொட்டி மெல்வதுகூட நின்றது.

மெர்ரில் தயங்கினான். மிஸ் தெரியோ, சொல் என்று தலையை ஆட்டினாள். "இரை எல்லாரும் போடுறதுதான் சார். கானாங்கெளுத்தி. பைதான் வேற."

"என்ன பை?"

"பொம்பளைங்க போடுற நைலான் காலுறை. அதுக்குள்ள மீன அடைச்சு மேல முடிச்சுப் போட்டிருந்துச்சு. சாதாரணப் பையில போட்டா நண்டும் கடல் பூச்சியும் ஒரே ராத்திரியில தின்னுரும். இதுல தின்ன முடியாது, ஆனா வாசனை கசியும். தூக்கிப் பாத்ததும் எங்க ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல."

முதலில் யாரோ ஒருவர் 'அட கடவுளே' என்றார். அப்புறம் அறையே சிரித்தது. பாதிரியாரின் மனைவி முகம் சிவந்து கீழே குனிந்துகொண்டாள். யார்மத்காரி என்று ஒருத்தி இல்லவே இல்லை! எனக்கு வந்த நிம்மதியை அந்த இடத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"சிங்கி எதாவது எடுத்தீங்களா?"

"இல்ல சார். இருந்தத அப்படியே திரும்ப எறக்கிட்டோம்."

அடுத்து ராய்ஸ். அவனும் அதையே சொன்னான். சில காலுறை தோல் நிறம், சில கறுப்பு என்றும் சொன்னான். கடைசியில் ஆல்டன் வந்தார். சவரம் செய்த முகம், கல்யாணக் கோட்டு. பனிமூட்டம் விலகியபோது அவர்கள் படகைப் பார்த்ததை, தன் கூண்டு அவர்கள் படகு விளிம்பில் இருந்ததை எல்லாம் திருத்தமாகச் சொன்னார். அரசு வக்கீல் கேட்டான்.

"அந்தக் கூண்டுல இரையை எதுல கட்டியிருந்தீங்க?"

ஆல்டன் கூட்டத்தைப் பார்த்தார். தன்னோடு ஆயுள் முழுக்கப் போட்டி போட்டவர்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. சாட்சிக் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். இறங்கிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். ஆர்லீன் என் கையை நெரித்தாள்.

"ஐயா, பதில் சொல்லணும்," என்றார் நடுவிலிருந்த நீதிபதி.

"காலுறை," என்றார் ஆல்டன். "பொம்பளைங்க காலுறை. தோல் நிறம் தீந்துபோனா கறுப்பு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"இவ்வளவு காலம் ஏன் சொல்லல? உங்க மகன் சிறைக்குப் போனானே?" என்றான் அரசு வக்கீல்.

"நீங்க துப்பாக்கியப் பத்திக் கேட்டீங்க, கடையப் பத்திக் கேட்டீங்க. என் கூண்டப் பத்தி ஒருத்தரும் கேக்கல. அதோட, முடிச்சுப் போட்டாச்சு. போட்டப்புறம் பேசக் கூடாது. அது எங்க கரை வழக்கம்."

அவன் என்ன முடிச்சு என்று கேட்டான், அவர் விளக்கினார். நீதிபதி ஒருவர் ஆர்வமாக முன்னால் சாய்ந்து, கயிறு எத்தனை சுற்று என்றுகூடக் கேட்டார்.

தீர்ப்பு உடனே வரவில்லை. வந்தபோது மிஸ் தெரியோ தொழிற்சாலைக்கே போன் செய்தாள். இரண்டு பேர் மீதான தண்டனையும் ரத்து, வேண்டுமானால் புதிதாக வழக்கு நடத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்பு. அரசுத் தரப்பு வேண்டாம் என்று கைவிட்டுவிட்டது. ஆர்லீன் கையுறையைக் கழற்றாமலே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேற்பார்வைக்காரி வந்து அவள் இடத்தில் தானே நின்று கொடுக்கு உடைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆர்லீன் வீட்டில் விருந்து. உப்பு மீனும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, மேலே பன்றிக்கொழுப்பை மொறுமொறுவென்று பொரித்துக் கொட்டியிருந்தாள். ராய்ஸ் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டான். மெர்ரில், துறையில் யாரும் தன் முகத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் பட்டணத்துக் கடைகளில் காலுறை ஒன்றுகூட இல்லையாம் என்று சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். ஆல்டன் தாமதமாக வந்தார். கையில் தொப்பியோடு வாசலில் நின்றார். மெர்ரில் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆர்லீன் தட்டு வைத்தாள்.

"உக்காருறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்பா."

"கேளு."

"கோர்ட்ல கரை வழக்கம்னு சொன்னீங்க. ஜட்ஜுங்க நம்பிட்டாங்க. நானும் நம்பத்தான் பாக்குறேன். அந்தக் கூண்டுல எல்லாரும் போடுற சாதாரணப் பை இருந்திருந்தா, போலீஸு இவங்களக் கூட்டிட்டுப் போன அன்னைக்கே போய்ச் சொல்லியிருப்பீங்களா?"

ராய்ஸ் கரண்டியை வைத்தான். ஆல்டன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். அப்பவும் சொல்லியிருக்க மாட்டேன் என்று ஒரு சின்னப் பொய், அத்தோடு எல்லாம் சரியாகியிருக்கும். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் அந்த மனுஷனுக்குப் பேசாமல் இருக்கத் தெரியுமே தவிரப் பொய் சொல்லத் தெரியாது.

"சொல்லியிருப்பேன்," என்றார்.

மெர்ரிலின் முகத்தை நான் பார்த்தேன். அப்பா ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் பேசாமல் இருந்தார் என்று அதுவரை அவன் நம்பியிருக்கிறான், பாவம். ஆர்லீன் மேசையிலிருந்து அவர் தட்டை எடுத்தாள், துடைத்தாள், அலமாரியில் வைத்து மூடினாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆல்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாக அவர் துறைப் பக்கம் நடந்து போவது தெரிந்தது.

அவர் பின்னால் ஓடிப் போய் என் வீட்டுக்குக் கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். யார்மத்காரி இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து அந்த நினைப்புத்தான் எனக்கு. ஆனால் எழுந்திருக்கவில்லை. மெர்ரில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் மீனை எடுத்து வைத்து, "ஆறிப்போகுது, சாப்பிடுடா" என்றேன்.